ஊருக்கு ஒரே வெயில் கிடையாது



இது நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடைத் தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள. அவளும் இப்போது சமூக அறிவியல் டீச்சர். எந்தப் பள்ளி என்று யாரும் கேட்க வேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலம் பாடம் நடத்துகிறாள். பிள்ளைகளை ஒரு மணி நேரம் வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய், மரத்தடியில், சிமென்ட் தரையில், மொட்டை மாடியில், சைக்கிள் ஷெட்டில் வெப்பநிலை அளக்கவைக்க அனுமதி கேட்டிருக்கிறாள். கிடைக்கவில்லை. "பெற்றோர் கேள்வி கேட்பாங்க. பாடம் வேற முடியல. வேணும்னா ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டுக் காட்டுங்க" என்று பதில் வந்திருக்கிறது. வெளியே இருக்கும் வெயிலைப் பார்க்க உள்ளே ஜன்னலைச் சாத்திவிட்டு வீடியோ!

ஆற்றாமையில் இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பார்த்தால் எல்லோரும் பள்ளி பக்கம்தான். தம்பி மகன் எழுதினான்: "அத்தை, போனைத் திறந்தா டெம்பரேச்சர் வருது. அதுக்கு எதுக்கு வெயில்ல போகணும்?" சின்ன நாத்தனார் எழுதினாள்: "பொம்பளப் புள்ளைங்க வெயில்ல நின்னா கறுத்துப்போயிடும் அண்ணி." அதே நாள் பெங்களூரில் இருக்கும் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "மார்க் வருமா டீச்சர்?"

மூன்று பேருக்கும் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் போன். போனில் திருவண்ணாமலை 37 டிகிரி என்று வருகிறது. சரி, திருவண்ணாமலையில் எங்கே? தேரடி வீதியிலா, ஸ்கந்தாசிரமத்து மர நிழலிலா, பேருந்து நிலையத்திலா? உலகம் முழுவதும் வானிலை நிலையங்களில் வெப்பமானியை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அதைச் செய்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா. பெட்டியின் நான்கு பக்கமும் காற்று போக சாய்வான பலகைகள் இருக்கும். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், புல்தரையில், கட்டடமும் மரமும் நெருங்காத இடத்தில் வைப்பார்கள். எதற்கு இவ்வளவு ஏற்பாடு? நேர் வெயில் படக்கூடாது, தரைச்சூடு தாக்கக்கூடாது, பக்கத்துச் சுவர் பாதிக்கக்கூடாது. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட அது அவசியம். அந்த விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நாம் அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கவில்லையே. நேர் வெயிலில் நிற்கிறோம், தரைச்சூட்டில் நடக்கிறோம், பக்கத்துச் சுவர் கக்கும் அனலில் தூங்குகிறோம். ஒன்றேகால் மீட்டர் என்பது பெரியவர்களுக்கு நெஞ்சு உயரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலையே அதற்குக் கீழே இருக்கும். வெயில் நேரத்தில் தரையை நெருங்க நெருங்கக் காற்று சூடு. அம்மாவின் கையைப் பிடித்துத் தார் ரோட்டில் நடக்கும் குழந்தை, அம்மாவைவிடச் சூடான காற்றில் நடக்கிறது. இதை எந்தப் போன் சொல்கிறது?

ஒரே ஊருக்குள், ஒரே தெருவுக்குள், ஏன் ஒரே வீட்டுக்குள்கூட இடத்துக்கு இடம் வெப்பம், ஈரம், காற்று எல்லாம் மாறும். அதற்குத்தான் நுண்காலநிலை என்று பெயர். பெயரை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிவிடலாம். புரிய வேண்டுமானால் வெளியே போகத்தான் வேண்டும்.

நம் ஊரைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். 814 மீட்டர் உயர மலை, அதன் கிழக்கே கோயிலும் ஊரும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் சாயங்காலம் மலையின் நிழல் நமக்கு முன்கூட்டியே வந்துவிடும். அதே நேரம் மறுபக்கம் அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்கு முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலையில் கதை தலைகீழ். கோடையில் கோயில்களில் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்களே, ஏன்? தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்களே, ஏன்? வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கிரிவலம் வந்த ஒவ்வொருவரின் உள்ளங்காலுக்கும் இந்தப் பாடம் தெரியும். புத்தகம் அந்த உள்ளங்காலைப் பற்றி ஒரு வரி கேட்பதில்லை.

2014, 2015 இரண்டு ஆண்டும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மையக்கருத்து வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வது. தமிழ்நாட்டில் அதை அறிவியல் இயக்கத்தார் நடத்தினார்கள். அப்போது என் வகுப்புப் பெண்கள் கொண்டுவந்த யோசனையை இன்றும் நினைத்துச் சிரிப்பேன். "டீச்சர், எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருக்கு. எட்டு இடத்துலயும் ஒரே நேரத்துல அளந்தா என்ன?" இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை 14 கிலோமீட்டர் சுற்றில் எட்டு ஆய்வு நிலையங்களை நம் முன்னோர் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்குத்தான் தோன்றவில்லை, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுக் குழுவாகப் பிரிந்தார்கள். குழுவுக்கு ஒரு பெரியவர் துணை. காலை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று நான்கு முறை, மர நிழலில் ஒன்று, ரோட்டோரம் ஒன்று. "அக்னி லிங்கம்தான் அதிகம் இருக்கும்" என்று ஒரு கட்சி பந்தயமே கட்டியது. தோற்றுப்போனார்கள். திசைக்கும் வெப்பத்துக்கும் அன்று பெரிய சம்பந்தம் தெரியவில்லை. மரம் இருந்த இடம் குளிர்ச்சி, சுற்றிலும் சிமென்ட் போட்ட இடம் அனல். அதிகம் காட்டியது எந்த லிங்கம் என்று இங்கே எழுதினால் அந்தத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி நோட்டில் எழுதினாள்: "நேராகச் சூரியனைக் குறை சொல்ல முடியாது, நாம் தரையை என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது." நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இல்லை அது. கிரிவலப் பாதையை அகலமாக்க மரம் வெட்டிய விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனபோது ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். எதற்காக அந்த மரம் வேண்டும் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவர்கள் அந்தச் சின்னப் பெண்கள்தான்.

எங்கள் ஆய்வு மாநில அளவுக்குப் போகவில்லை. போகாவிட்டால் என்ன?

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, வீட்டில் இரவு பத்து மணிக்கு உள்ளே ஒரு அளவு, வாசலில் ஒரு அளவு எடுத்து வரச் சொன்னேன். ஆறு வெப்பமானிதான் இருந்தது. முறைவைத்து எடுத்துப்போனார்கள். மார்ச் மாதக் கடைசி. ஒரு பெண் கொண்டுவந்த நோட்டில் வாசலில் 28, வீட்டுக்குள் 34 என்று இருந்தது. தப்பாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன். "இல்ல டீச்சர், மூணு நாளா அப்படித்தான் இருக்கு" என்றாள். சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. பகல் முழுக்கக் கூரையும் சுவரும் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க உள்ளே இறக்கிக்கொண்டிருந்தன. ஐந்து பேர் அதில் படுக்கிறார்கள்.

முதல் பீரியடில் தூங்குகிறாள் என்று அந்தப் பெண்ணை எத்தனை நாள் பெஞ்சுமேல் நிற்கவைத்திருக்கிறேன் தெரியுமா? "ராத்திரி முழுக்க டிவி பார்த்தியா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவளும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல அவளுக்கும் தெரியாது. தான் சோம்பேறி என்றே அவளும் நம்பியிருந்தாள். அறுபது ரூபாய் வெப்பமானி வந்துதான் எங்கள் இரண்டு பேருக்கும் உண்மையைச் சொன்னது.

அன்று நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. பெஞ்சுமேல் நிற்கவைப்பதை மட்டும் அன்றோடு விட்டேன். அவள் அப்பா கூரைமேல் தென்னை ஓலை பரப்பி, வெள்ளைச் சுண்ணாம்பு கரைத்துச் சுவரில் அடித்தார். அளவு குறைந்ததா என்று அவளே அளந்து பார்த்தாள். குறைந்தது. கண்ணு, நீ இதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன், டீச்சரை மன்னித்துவிடு.

ஆகவே, மார்க் வருமா என்று கேட்ட தம்பி, உன் கேள்விக்குப் பதில் இது. மார்க்கும் வரும். தானே அளந்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை. ஆனால் மார்க்குக்கு வெளியே ஒரு பெண்ணின் தூக்கம் இருக்கிறது, அதையும் கொஞ்சம் கணக்கில் எடு.

நாத்தனாருக்கு வருகிறேன். கறுப்பு ஒரு நோயா அம்மா? நம் வீட்டில் யார் சிவப்பு? ஆண் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடினால் "விளையாடுற வயசு" என்கிறோம், பெண் பிள்ளை வெப்பமானி பிடித்தால் கறுத்துப்போகிறதா? ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று அதே பெண்களைப் பூத்தட்டோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்துகிறார்களே, அப்போது எந்தத் தாயாவது பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாளா?

வெயில் ஆபத்து என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. ஏப்ரல் மாத உச்சி வேளையில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்து என்று புத்தியுள்ள யாரும் சொல்லமாட்டார்கள். காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் அளக்கலாம். நடுப்பகல் அளவை டீச்சர் போய் இரண்டு நிமிடத்தில் பார்த்து வரலாம். எப்போது வெளியே போகக்கூடாது என்பதே இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணித்திரி சுற்றி வையுங்கள். காற்று வறண்டிருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகி அளவு நன்றாக இறங்கும். புழுக்கமான நாளில் கொஞ்சம்தான் இறங்கும். நம் உடம்பும் அந்தத் துணித்திரி மாதிரிதான், வியர்வை ஆவியானால்தான் குளிரும். இதைத் தன் கையால் பார்த்த பிள்ளை, புழுக்கமான நாளில் பாட்டியை வேலை செய்யாமல் உட்காரச் சொல்லும். மூடிய வகுப்பறையில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்களா? தகரக் கூரை வகுப்பில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியை மாட்டிப் பாருங்கள். பிறகு பேசலாம்.

நம் வகுப்பிலெல்லாம் விஞ்ஞானி என்றால் வெள்ளைக்காரர். எல்.ஏ. ராமதாஸ் என்று ஒருவர் இருந்தார், பாலக்காட்டுக்காரர், சர் சி.வி. ராமனிடம் பயின்றவர். இரவில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருந்தால் தரைதான் மிகக் குளிர்ந்த இடம் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவரும் ஆத்மநாதனும் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயரம் மாற்றி அளந்தார்கள். தரையைவிட, அதற்கு ஓரடி ஒன்றரை அடிக்குள் இருக்கும் காற்று இன்னும் குளிர்ந்திருப்பதைக் கண்டார்கள். 1932-ல் வெளியிட்டார்கள். உலகம் உடனே நம்பவில்லை. அளவு தப்பு என்றார்கள். பிறகு மற்ற நாடுகளிலும் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ராமதாஸ் அடுக்கு என்று இன்றும் அவர் பெயரால் சொல்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்குமா? தரைப் பக்கம் குனிந்து பார்த்ததால் கிடைத்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வைத்தது தொல்காப்பியம். இடமும் நேரமும் தெரியாமல் மற்றது எதுவும் தெரியாது என்பதுதானே அதன் பொருள். மேடையில் ஐந்திணைப் பெருமை பேசிக் கைதட்டு வாங்குகிறோம். அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன் தெருவில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று தெரியாது.

கடைசியாக ஒன்று. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரை ஏறி, உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். நம் மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து வீடுகள் மேல் விழுந்தன. ஏழு உயிர். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

வெப்பமானியும் மழைமானியும் பிடிக்கத் தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வேறு இடம் இல்லாதவர்கள்தான் மலையடிவாரத்தில் வீடு கட்டுகிறார்கள். நான் கேட்பது ஊரைப் பார்த்து. தினமும் மலையைக் கும்பிடுகிறோம். எந்த ஓடையில் எவ்வளவு மழைக்குத் தண்ணீர் இறங்கும், எந்தச் சரிவில் மண் இளகியிருக்கிறது, ஊருக்குள் பெய்யும் மழையும் மலையில் பெய்யும் மழையும் ஒன்றா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வயநாட்டில் கல்பற்றாவில் ஹியூம் மையம் என்று ஓர் ஆய்வு அமைப்பு இருக்கிறது. உள்ளூர் விவசாயிகளைக் கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளவு வாங்குகிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை அங்கே மலை சரிந்தது. அந்த அளவுகளைப் பார்த்து அவர்கள் முந்தின நாளே எச்சரித்துவிட்டார்கள். அந்த எச்சரிக்கை என்ன ஆனது என்பது வேறு கதை. சாதாரண மனிதர்கள் வீட்டு வாசலில் அளந்த மழை, மலையின் நிலைமையைச் சொன்னது என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் மலையைச் சுற்றி எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி, ஒரு கரும்பலகை, தினமும் காலையில் அளந்து எழுத இரண்டு பிள்ளைகள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்குப் புரிந்த பிள்ளை, 200 மில்லிமீட்டர் மழை என்று கேட்டதும் நம் மலையை நிமிர்ந்து பார்க்கும். பக்கவாட்டு நேராக உள்ள பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் சொருகினால் மழைமானி ரெடி. செலவு, ஒரு ஸ்கேல்.

முடியாது என்று சொல்லாதீர்கள். ஊருக்கு வெளியே மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மலையேறுகிறார்கள், மரம் நடுகிறார்கள். நாங்கள் சின்ன வயதில் மொட்டைப் பாறையாகப் பார்த்த சரிவுகளில் இன்று பச்சை தெரிகிறது என்றால், பல பேர் பல ஆண்டு வெளியே வந்து வேலை செய்ததால்தான். அவர்களால் முடிகிறது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் காம்பவுண்டு சுவரா?

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு வேலைச் சுமை தெரியாமல் பேசவில்லை. இணையத்தில் விவரம் ஏற்றவே பாதி நாள் போகிறது என்று நீங்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நானும் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் நோட்ஸ் எழுதிப்போட்டே காலத்தை ஓட்டியவள்தான். அதனால்தான் மன்றாடுகிறேன். நான் தாமதமாகச் செய்ததை நீங்கள் இப்போதே செய்யுங்கள். தலைமையாசிரியர்களாக இருப்பவர்கள் வாரம் ஒரு பீரியடுக்கு வாசலைத் திறந்துவிடுங்கள். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "ஏன் வெளியே கூட்டிப்போனீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஏன் கூட்டிப்போகல" என்று ஒரு தடவை கேளுங்கள்.

இன்று இரவு பத்து மணிக்கு எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்குள் ஒரு அளவு, வாசலில் ஒரு அளவு. கூரை என்ன, பக்கத்தில் மரம் உண்டா என்று சேர்த்துக் கீழே எழுதுங்கள். பெங்களூர்க்காரனும் எழுத வேண்டும், துபாயில் இருப்பவளும் எழுத வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். பழைய ஆறில் நான்கு இன்னும் என்னிடம் நன்றாக இருக்கின்றன. அந்த டீச்சர் பெண்ணுக்கு இரண்டு கொடுத்தனுப்பப் போகிறேன். அனுமதி கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வரட்டும். இந்திர லிங்கத்தில் நான் காத்திருப்பேன், முழங்கால் வலியோடுதான்.

அன்புடன்,
உங்கள் தெர்மாமீட்டர் டீச்சர்
(பின்னால் நீங்கள் வைத்த பட்டப்பெயர் எனக்கு அப்போதே தெரியும்)